நான் ஒதுக்கி வைத்த படிவம்

எய்யா,

சாப்பிட்டுவிட்டு இதைப் படி. வெறும் வயிற்றோடு படிக்காதே, லேபில் நாலு பேர் நடுவில் உட்கார்ந்தும் படிக்காதே. காகிதத்தில் எழுதிப் போட்டோ பிடித்து உனக்கு அனுப்பப்போகிறேன். தபாலில் போட்டால் அது புனேக்கு வந்து சேருவதற்குள் காரியம் கெட்டுவிடும். போனில் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று கேட்பாய். போனில் என்னால் முடியாது. நீ ஒரு நொடி பேசாமல் இருந்தால் போதும், நான் உடனே "சரி சரி, சாப்பிட்டியா?" என்று தாவிவிடுவேன். இருபத்தாறு வருஷம் கல்லூரியில் சைக்காலஜி நடத்திய வாய் இது. பெற்ற பிள்ளையிடம் மட்டும் ஒன்றுக்கும் உதவாத வாய்.

விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டாய், "எம்மா, நான் மாத்திர சாப்பிடுதத பவித்ராட்ட சொல்லிரவா?" என்று. நான் யோசிக்கக்கூட இல்லை. "இப்ப எதுக்குலே அது? தாலி ஏறட்டும், அப்பறமா மெல்லச் சொல்லிக்கிடலாம்" என்றேன். நீ "சரிம்மா" என்றாய். அந்த "சரிம்மா" எனக்கு நன்றாகத் தெரிந்த சரிம்மா. சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். வருகிற திங்கட்கிழமை கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போகிறது. அதற்கு முன்னால் பவித்ராவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடு. என்ன மாத்திரை, எத்தனை வருஷமாக, எதனால், எல்லாவற்றையும். அவள் வேண்டாம் என்று சொல்லலாம். சிவகிரியில் அவள் அப்பா வீட்டில் பெரிய பேச்சாகலாம். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லவில்லை. ஆனாலும் சொல்.

நிச்சயதார்த்தத்தன்று நடந்த ஒன்றை உன்னிடம் மறைத்துவிட்டேன். பந்தி முடிந்து பெண்கள் எல்லாம் உள்ளறையில் இருந்தோம். பவித்ரா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே கேட்டாள். "அத்த, அவங்க பத்து மணிக்கு மேல போன எடுக்கவே மாட்டேங்காங்க. எம்மேல எதுவும் கோவமா?" மாத்திரை போட்டால் பத்து மணிக்கு உனக்குக் கண் சொருகிவிடும் என்று எனக்குத் தெரியாதா? நான் சிரித்துக்கொண்டே சொன்னேன், "அடப்பாவமே, கோவமா! அவன் சின்ன வயசுலேருந்தே அப்படித்தான். கோழி அடையும்போதே தூங்கிருவான்." அந்தப் பிள்ளை முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா அந்தப் பொய்? நெஞ்சு படபடக்கக்கூட இல்லை. வீட்டுக்கு வந்து நகையைக் கழற்றும்போதுதான் என்னை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது.

உனக்கு அறிவுரை சொல்ல எனக்கு என்ன தகுதி என்று நீ கேட்கமாட்டாய். உன் அப்பாவைப் போல நீயும் கேட்காத ஜென்மம். நானே கேட்டுக்கொள்கிறேன். அந்த ஊரடங்கு வருஷம் என்ன நடந்தது என்று உனக்குப் பாதிதான் தெரியும். மீதிப் பாதி என் பீரோவில் ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் கிடக்கிறது.

நீ ஆராய்ச்சியில் மூன்றாம் வருஷம். லேபை மூடிவிட்டார்கள் என்று ஒரு பையோடு மேலகரத்து வீட்டுக்கு வந்து இறங்கினாய். பைக்குள் துணியைவிடப் பத்திரமாக ஒரு காற்றுப்புகாத டப்பா. அதற்குள் நகக்கண் அகலத்தில் பன்னிரண்டு கண்ணாடித் துண்டுகள், ஒவ்வொன்றின்மேலும் கரும்பழுப்பாக ஒரு பூச்சு. பெரோவ்ஸ்கைட் என்றாய். அந்தப் பெயரைச் சரியாகச் சொல்ல எனக்கு ஒரு வாரம் பிடித்தது. உன் அப்பா நீ திரும்பிப் போகும் வரை "அந்தப் பரோட்டாச் சட்டு" என்றுதான் சொன்னார், நீயும் திருத்தாமல் சிரித்தாய். வெயிலிலிருந்து மின்சாரம் எடுக்கிற பொருள், சிலிக்கானைவிட மலிவாக, கரைசலாகக் கலக்கிப் பூசியே செய்துவிடலாம், ஆனால் நீண்ட நாள் தாங்காது என்று சாப்பாட்டு மேஜையில் எங்களுக்கு வகுப்பு எடுத்தாய். "இதுக்கு ஒரே வில்லன் ஈரந்தாம்மா. கொஞ்சம் ஈரம் உள்ள போனாலும் படிகம் கலஞ்சு மஞ்சளாயிரும். உள்ள ஈயம் இருக்கு, யாரும் தொட்றாதீங்க, டப்பாவ தொறந்துறாதீங்க" என்றாய். லேப் திறக்கும் வரை அவை எப்படித் தாங்குகின்றன என்று தினமும் டப்பாவின் வெளியிலிருந்தே போட்டோ எடுத்துக் குறித்து வைத்தாய். அந்த நாலு மாதத்தில் நீ ஒழுங்காகச் செய்த ஒரே வேலை அதுதான்.

அந்த வருஷம் சாரல் சரியான சாரல். குற்றால அருவியில் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது, குளிக்கத்தான் ஆள் இல்லை. ஐந்தருவிக்குப் போகிற வழியெல்லாம் தடுப்புக் கட்டையும் மூடிய கடைகளும்தான். வீட்டுக்குள் உப்பு கசிந்தது, துவரம்பருப்பு நமத்தது, பீரோவைத் திறந்தால் பட்டுச் சேலையில் பூஞ்சை வாடை. நம் பக்கத்துப் பொம்பளைகளுக்கு அந்த மாதங்களில் ஒரே வேலைதானே, வெயில் முகம் காட்டினால் வீட்டில் இருக்கிறதையெல்லாம் மொட்டைமாடிக்குத் தூக்கிக்கொண்டு போய் வெயில் காட்டுவது. ஒருநாள் பதினோரு மணிக்குப் பளீரென்று அடித்தது. பருப்பு, மிளகாய், தலையணை, சேலை எல்லாவற்றையும் ஏற்றினேன். நீ தூங்கிக்கொண்டிருந்தாய். உன் மேஜையில் அந்த டப்பா. உள்ளே ஈரம் உறிஞ்சுகிற பொட்டலங்கள் நீர்த்து நிறம் மாறியிருந்ததைப் பார்த்தேன். ஐயோ, உள்ளே ஈரம் ஏறிவிட்டது போலிருக்கிறதே, பிள்ளை தூங்குகிறானே என்று நினைத்தேன். வெயிலில் வேலை செய்கிற பொருளுக்கு வெயில் ஆகாதா என்ன என்றும் நினைத்தேன். முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தவளின் மூளை அது. டப்பாவைத் திறந்து மிளகாய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கீழே வந்தேன். குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும்போது சாரல் இறங்கிவிட்டது. மிளகாயையும் சேலையையும் வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடி வந்தேன். டப்பா ஞாபகம் வரும்போது நீ ஏற்கெனவே மாடியில் நின்றுகொண்டிருந்தாய்.

பன்னிரண்டும் மஞ்சள் பூத்துக்கிடந்தன. நான் வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். நீ திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பரவால்லம்மா. குத்தாலச் சாரல்ல எத்தன நிமிசம் தாங்கும்னு தெரிஞ்சுபோச்சுல்லா. இதுவும் ஒரு ரிசல்ட்டுதான்" என்றாய். சிரிக்கவும் செய்தாய். நானும் பைத்தியக்காரி, பிள்ளைக்கு எவ்வளவு பெரிய மனசு என்று பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொன்னேன். அன்றைக்கு இரவிலிருந்து நீ சாப்பாட்டுக்குக் கீழே இறங்கவில்லை. தட்டை மாடிக்கு அனுப்பினேன், பாதி திரும்பி வந்தது. கேட்டால் "பசிக்கலம்மா, வேல இருக்கு." என்ன வேலை? குறிக்க வைத்திருந்த ஒன்றையும்தான் நான் நனைத்துவிட்டேனே. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

உறைக்காததற்குக் காரணம் நான் வேறு ஆட்களின் மனசைப் படித்துக்கொண்டிருந்தேன். நோய்த்தொற்றுக் காலத்தில் வெளியூரிலிருந்து வீடு திரும்பியவர்களின் மனநலம், அதுதான் என் ஆய்வு. தென்காசி சுற்று வட்டாரத்தில் படிவங்களைக் கொடுத்துக் கொடுத்து வாங்கினேன். பெயர் எழுத வேண்டாம், டிக் போட்டால் போதும். காலையில் எழுந்ததும் இன்றைக்கு இது செய்யலாம் என்று தோன்றுகிறதா, நம்மால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை என்று தோன்றுகிறதா, இப்படி இருபத்துநாலு கேள்வி. ஒருபோதும் இல்லை, சில நேரம், பல நேரம், எப்போதும் என்று நாலு கட்டம். கடைசியில் வேறு ஏதாவது சொல்ல விரும்பினால் எழுதுவதற்கு மூன்று கோடு. வந்த படிவங்களை முன்னறை மேஜையில் ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு வைத்திருந்தேன். ஒருநாள் மத்தியானம் அவற்றைப் பிரித்துக் கணினியில் ஏற்றும்போது, நடுவில் ஒன்று உன் கையெழுத்தில் இருந்தது.

சிலேட்டில் நான் கைபிடித்துச் சொல்லிக்கொடுத்த எழுத்து, எனக்குத் தெரியாமல் போகுமா? வெற்றுப் படிவம் ஒன்றை எடுத்துக்கொண்டு போய் நிரப்பி, நான் பார்க்காத நேரத்தில் பெட்டிக்குள் போட்டிருக்கிறாய். டிக் கிட்டத்தட்ட எல்லாமே கடைசிக் கட்டத்தில். எப்போதும், எப்போதும், எப்போதும். கீழே மூன்று கோட்டில் முதல் கோட்டில் மட்டும் எழுதியிருந்தாய்: "வீட்டில் எல்லாரும் எனக்காகச் சந்தோஷமாக இருக்கிறார்கள். அதனால் சொல்ல முடியவில்லை."

எய்யா, இதற்கப்புறம் நான் செய்ததைக் கேள். எல்லா டிக்கையும் ஒரே கட்டத்தில் போடுகிறவர்கள் கேள்வியைப் படிக்காமல் போட்டவர்கள், அந்தப் படிவம் செல்லாது என்று எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. அந்த விதியைப் பிடித்துக்கொண்டேன். பென்சிலால் மூலையில் "செல்லாது" என்று எழுதித் தனியே வைத்தேன். ஆனால் அப்படிப்பட்டவர்களைக் கண்டுபிடிக்கவே இரண்டு கேள்விகளை நாங்கள் தலைகீழாக, நல்லதைக் கேட்கிற மாதிரி வைத்திருப்போம். மனசு ஒடிந்துபோனவன் அந்த இரண்டுக்கு மட்டும் "ஒருபோதும் இல்லை" என்றுதான் போடவேண்டும். நீ அந்த இரண்டிலும் சரியாக முதல் கட்டத்தில் டிக் போட்டிருந்தாய். ஒவ்வொரு கேள்வியையும் படித்து, யோசித்து, உண்மையைப் போட்டிருந்தாய். நான் பெற்ற படிவங்களிலேயே ஒழுங்காக நிரப்பிய படிவம் அதுதான். தெரிந்துதான் ஒதுக்கினேன். அன்று சாயங்காலம் மாடிக்கு வந்து உன் தலையைத் தடவி, "நல்லா இருக்கியால்லே?" என்று கேட்டேன். நீ என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாய். பிறகு "நல்லா இருக்கேம்மா" என்றாய். பெட்டியைப் பிரித்தேனா இல்லையா என்றுதான் பார்த்தாயா? எத்தனை நாள் காத்துக்கொண்டிருந்தாய்? நான் இதுவரை கேட்டதில்லை. பதில் தெரிந்துவிடுமோ என்ற பயம்தான்.

லேப் திறந்து நீ போனாய். நாலு மாதம் கழித்து உன் அறைத்தோழன் கூப்பிட்டான். "ஆன்ட்டி, அவன் எட்டு நாளா ரூம விட்டு வெளிய வரல, எனக்கு பயமா இருக்கு." நானும் அப்பாவும் காரில் கிளம்பி இரவு பகலாக வந்தோம். கதவைத் திறந்த உன்னைப் பார்த்ததும் அப்பா உன் சட்டைப் பொத்தானைச் சரியாக மாட்டிவிட்டார். டாக்டர், மாத்திரை, ஒரு வருஷம் தள்ளிப்போன பட்டம் எல்லாம் உனக்குத் தெரிந்த கதை. உனக்குத் தெரியாதது, நான் என் ஆய்வேட்டில் எழுதிய முடிவு. வீடு திரும்பிய படித்த இளைஞர்களுக்குக் குடும்பத்தின் அரவணைப்பு பெரிய பாதுகாப்பாக இருந்தது என்று எழுதினேன். வாய்மொழித் தேர்வில் அதைப் பாராட்டிக் கை தட்டினார்கள். உன் ஒரு படிவத்தைச் சேர்த்திருந்தால் சராசரி மாறியிருக்காது, அதையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சராசரிக்காக நான் அதை எடுத்து வைக்கவில்லை என்பதுதான் விஷயம்.

ஊர் என்ன சொல்லும் என்ற பயத்தில் அம்மா மறைத்தாள் என்று நீ நினைப்பாய். அதுவும் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. அந்தப் படிவத்தில் இருந்தவை என் பதில்கள். பத்தொன்பது வயதில் யாராவது என்னிடம் அந்த இருபத்துநாலு கேள்வியைக் கேட்டிருந்தால், நானும் அதே கட்டங்களில்தான் டிக் போட்டிருப்பேன்.

காலேஜில் இரண்டாம் வருஷம் ஒரு வருஷம் படிப்பு நின்றது என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா, மஞ்சள் காமாலை என்று? காமாலை இல்லை. கட்டிலை விட்டு எழுந்திருக்காமல் கிடந்தேன். குளிக்கமாட்டேன், பேசமாட்டேன். என் அப்பா யார் கண்ணிலும் படாமல் நாகர்கோவிலுக்குக் கூட்டிப்போய்ப் பெரிய டாக்டரிடம் காட்டினார். ஒன்றரை வருஷம் மாத்திரை. தேறி வந்தேன். மறுபடி படித்தேன், இந்தப் பாடத்தையே எடுத்துப் படித்தேன். உன் அப்பா பெண் பார்க்க வந்தபோது, நடுவில் ஒரு வருஷம் ஏன் நின்றது என்று அவர்கள் வீட்டில் கேட்டார்கள். என் அம்மா பட்டென்று "காமாலை" என்றாள். நான் காப்பித் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். நானும் தலையை ஆட்டினேன். உனக்கு வந்தது என்னிடமிருந்து வந்திருக்கலாம், எய்யா. அந்தப் படிவத்தைப் பார்த்த நிமிஷம் எனக்கு வேறு எதுவுமே தோன்றவில்லை. இதை ஒத்துக்கொண்டால் அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். அதனால்தான் பென்சிலை எடுத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உனக்குச் "சொல்லாதே" என்று சொன்னபோது அப்பா பக்கத்தில் இருந்தார். அவர் முதலிலிருந்தே, "சொல்லிருவோம்ட்டி, அந்தப் பிள்ளைக்குத் தெரிஞ்சுதான ஆகணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர். நான்தான் "சைக்காலஜி படிச்சவ நானா நீங்களா?" என்று அடக்கி வைத்திருந்தேன். போனை வைத்ததும் கேட்டார், "நீயா இருந்தா மறச்சிருப்பியாட்டி?" சாதாரணமாகத்தான் கேட்டார். ராத்திரியெல்லாம் புரண்டுவிட்டு, திங்கட்கிழமை காலையில் அவர் பல் தேய்த்துவிட்டு வந்து உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். நாகர்கோவில், மாத்திரை, காமாலை, எல்லாம்.

முழுக்கக் கேட்டுக்கொண்டார். எழுந்து போய்விட்டார். இன்றைக்கு வியாழக்கிழமை, நாலு நாள். சத்தம் போடவில்லை. சாப்பிடுகிறார், தன் தட்டைத் தானே கழுவி வைக்கிறார். நான் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறார், பேசுவதில்லை. முப்பத்தோரு வருஷத்தில் நாங்கள் சண்டை போட்டிருக்கிறோம், இப்படி ஒரு மௌனம் இருந்ததில்லை. கல்யாணத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒருவேளை வேண்டாம் என்று போயிருப்பார்கள். ஒரு மாதம் அழுதிருப்பேன். அவர் சரி என்றும் சொல்லியிருக்கலாம், அவர் அப்படிப்பட்ட மனுஷன்தான். அதைக் கண்டுபிடிக்க நான் அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்கவில்லை. பவித்ராவுக்கு நீ அந்த வாய்ப்பைக் கொடு. அவள் போனாலும் போகட்டும். பத்திரிகையை நிறுத்தவேண்டி வந்தால் ஊருக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். கேட்கிற ஒவ்வொருத்தியிடமும் உண்மையையே சொல்லுவேன்.

இன்றைக்குக் காலையில் அப்பா பேசினார். உனக்குத் தெரியும், ஒவ்வொரு வருஷமும் மழை விழுந்து வரப்பில் பச்சை பிடித்ததும் வீரகேரளம்புதூர் வயலிலிருந்து எனக்குக் கீழாநெல்லி பிடுங்கிக்கொண்டு வருவார். காமாலை வந்த உடம்பு, ஈரல் லேசாக இருக்கும் என்று கல்யாணமான முதல் வருஷம் ஆரம்பித்த பழக்கம். அவரே கழுவி, அவரே அம்மியில் அரைத்து, மோரில் கரைத்து, வெறும் வயிற்றில் குடி என்று கையில் கொடுத்துவிட்டு நான் குடித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நிற்பார். முழங்கால் வலி வந்த பிறகும் அந்த வேலையை ஆளிடம் விட்டதில்லை. கசக்கும். முப்பத்தோரு வருஷமும் முகம் சுளிக்காமல் குடித்தேன்.

வயலுக்குக் கிளம்பி, பைக் சாவியை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனவர் திரும்பி வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"அப்போ நான் வருசா வருசம் வரப்புல குனிஞ்சு குனிஞ்சு பிடுங்கிட்டு வந்தது எதுக்குட்டி?"

கேட்டுவிட்டுப் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மணி இப்போது ஒன்றரை, இன்னும் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை.

நீ இன்றைக்கே அவளிடம் பேசு, எய்யா.

அம்மா